நாளைக்கும் வருகிற ஆளுக்குச் சமைக்கிற கடை

வழிச்சாப்பாடு – வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். சென்னை விமான நிலையத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டியே தலை நரைத்தவர். சாலைப் பயணத்தில் எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். போன முறை பெரிய போர்டு பார்த்து நிறுத்தி, ஆறிப்போன சாப்பாட்டுக்கு 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். நல்ல உள்ளூர்க் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தாம்பரம்

அம்மா, பெரிய போர்டு என்பது ஊர் தெரியாத ஆளைக் கூப்பிடுவதற்காக வைப்பது. உள்ளூர்க்காரருக்குப் போர்டே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வந்து உட்காருவார். நாளைக்கும் இதே ஆள் வரப்போகிறார் என்று நினைத்துச் சமைக்கிற கடை ஒன்று. இனி இந்த முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்து சமைக்கிற கடை இன்னொன்று. நான் வண்டி ஓட்டிய காலம் முழுக்க முதல் வகையைத்தான் தேடினேன். தேடுகிற வழி கடினமில்லை.

முதலில், வாசலில் நிற்கிற வண்டிகளின் நம்பரைப் பாருங்கள். கடலூரில் டி.என். 31, புதுச்சேரியில் பி.ஒய். 01, சிதம்பரம் பக்கம் டி.என். 91. அந்தந்த ஊர் நம்பரில் இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நின்றால், சாப்பிடுகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். வெளியூர்க் கார்கள் மட்டும் நிற்கிற இடத்தில் நான் வண்டியை நிறுத்தியதே இல்லை, சவாரியில் இருப்பவர் சொன்னால் தவிர.

அடுத்தது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது. "இங்க நல்ல ஹோட்டல் எங்கே இருக்கு?" என்று கேட்காதீர்கள். காரில் வந்தவர், குடும்பத்தோடு வந்தவர் என்று பார்த்து, ஏ.சி. இருக்கிற கடையைக் கை காட்டுவார்கள். நம் மீதுள்ள மரியாதையில்தான் அப்படிச் சொல்கிறார்கள். "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பஞ்சர் கடைக்காரர், மெடிக்கல் ஷாப் பையன், பெட்ரோல் பங்க்கில் சீருடையோடு நிற்கிற பெண், யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு ஒரு நொடி யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் நேரே அங்கே போய்விடுங்கள்.

ஊருக்குள் இடம் தேடுவதென்றால் ஆட்கள் தினமும் வேலைக்கு வந்து போகிற பகுதியைப் பாருங்கள். கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் அரசு அலுவலகங்கள் நிறைய. கிளார்க்கும் வக்கீல் குமாஸ்தாவும் மாதம் முழுக்கச் சாப்பிடுகிற மெஸ் சுமாராகச் சமைத்தால் இரண்டாவது வாரமே மூட வேண்டியதுதான். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் அப்படிப்பட்ட கடைகள் உண்டு, ஆனால் நிலையத்துக்கு நேர் எதிரே இருப்பதை விட்டுவிட்டு இரண்டு தெரு உள்ளே நடந்து பாருங்கள்.

நேரமும் முக்கியம். மத்தியானச் சாப்பாட்டுக்கு 12.15-லிருந்து 1.30-க்குள் போய்விட வேண்டும். சோறு வடித்துச் சூடாக இருக்கும், ரசம் கொதி அடங்கியிருக்கும், பொரியல் தீர்ந்திருக்காது. 3 மணிக்கு நல்ல கடையில்கூட மீந்ததுதான் கிடைக்கும். அந்த நேரத்தில் வண்டி கடையைத் தாண்டினால் டீ, பன்னோடு சமாளித்துவிட்டு, 6 மணிக்கு மேல் சூடாகப் புரோட்டாவோ தோசையோ போடுகிற கடையில் நிறுத்துவது நல்லது.

தொலைதூரப் பேருந்துகள் மொத்தமாக நிற்கிற சாலையோர இடங்களை நம்பாதீர்கள். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அங்கே சாப்பாடு தனியாகக் கவனிக்கப்படும், அதனால்தான் பேருந்து நிற்கிறது. லாரி நின்றால் நல்ல கடை என்பதும் முழுக்கச் சரியில்லை. பல இடங்களில் வண்டி நிறுத்த இடம் தாராளமாக இருப்பதுதான் காரணம். வாரா வாரம் ஒரே தடத்தில் ஓடுகிற லாரிக்காரர் நிறுத்துகிற இடம் என்றால் அது வேறு கதை. உள்ளே போய் அவரிடமே கேட்கலாம், சந்தோஷமாகச் சொல்வார்.

இன்னொன்று. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும்போது கன்னியக்கோயில், முள்ளோடை எல்லைப் பக்கம் மதுக்கடைகள் அதிகம். அதையொட்டி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளின் காரமும் உப்பும் வேறு கணக்கில் போட்டவை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிடுங்கள்.

கடலூர் முதுநகரில் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்களே. மே மாதம் வரலாமா?
– வாசகர், சேலம்

வரலாம், ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கிற பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரம் போய் வரும். ஆகவே மே மாதம் பெரிய வஞ்சிரத் துண்டு தட்டில் வந்தால் அது ஐஸில் இருந்ததாகவோ வேறு கடற்கரையிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். விலையும் ஏறியிருக்கும். அந்த மாதத்தில் நெத்திலி, காரப்பொடி, மத்தி, சங்கரா என்று சின்ன மீன்களைக் கேளுங்கள். காலையில் கரைக்கு வந்தது மத்தியானம் குழம்பில் இருக்கும். என் நாக்குக்கு வஞ்சிரத்தைவிட அதுதான் ஒரு படி மேல்.

கடைக்குள் போனதும் "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொல்லி, "வவ்வால் இன்னைக்கு வரலங்க" என்று சொல்கிற கடையில் தைரியமாக உட்காரலாம். எதைக் கேட்டாலும் இருக்கிறது என்றால் உள்ளே பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. வறுவல் மீனை மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். நல்ல மசாலாவில் மிளகாய்த் தூளின் கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்து, சீரகமோ சோம்போ கண்ணுக்குத் தெரியும். பளீரென்று ஒரே செக்கச்செவேல் நிறமாக, விரலால் தொட்டால் சாயம் ஒட்டுகிறது என்றால் வேண்டாம். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஐஸ் கரைந்த மீன். பிடித்த துண்டைக் காட்டி, கண் முன்னால் கல்லில் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் விலையையும் கேட்டுவிடுங்கள், பெரிய மீனுக்கு எடை பார்த்து விலை சொல்கிற கடைகள் உண்டு.

மீன் குழம்பை மட்டும் "முந்தா நாள் வச்சதா?" என்று சந்தேகப்படாதீர்கள். நேற்று வைத்த குழம்பைக் காலையில் இட்லிக்கு ஊற்றித் தருகிற வீடுகளும் கடைகளும் இந்தக் கரையில் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

பிள்ளைகள் இருவரும் பர்கர் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. புதுச்சேரி வந்தால் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற சங்கிலிக் கடைகளுக்குப் போகாமல் உள்ளூரில் நல்ல பர்கர் கிடைக்குமா?
– வாசகர், விழுப்புரம்

கிடைக்கும். பர்கருக்கு உயிர் பன்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கத்தில் ரொட்டி சுடுகிற கை இன்னும் இருக்கிறது. நீளமான பகெத் ரொட்டியைச் சைக்கிளில் செருகிக்கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். இரண்டு பகுதிகளைச் சொல்கிறேன். ஒன்று, புஸ்ஸி வீதியும் அதையொட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களும். அங்கே கஃபேக்கள் நிறைய, விலை கொஞ்சம் கூடுதல். இன்னொன்று, ஈ.சி.ஆரிலிருந்து ஆரோவில் திரும்புகிற சாலையில் குயிலாப்பாளையம். ஆரோவில்காரர்கள் ஸ்கூட்டரில் வந்து தினமும் சாப்பிடுகிற சின்னச் சின்னக் கடைகள் அங்கே உண்டு, பேக்கரியும் இருக்கிறது. நான் முதலில் சொன்ன கணக்குப்படி, தினம் வருகிற ஆள் இருக்கிற இடம் அதுதான்.

எந்தக் கடையானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நடுவில் வைக்கிற பேட்டி இங்கேயே செய்வதா, பாக்கெட்டா?" பேட்டி என்பது கொத்திய இறைச்சியையோ காய்கறியையோ வடை மாதிரித் தட்டிச் செய்வது. உறைந்த பேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெயில் போட்டுத் தருவதானால் அதைச் சாப்பிட விழுப்புரத்திலிருந்து வர வேண்டியதில்லை. கையால் தட்டிய பேட்டியின் ஓரம் வட்டமாக இருக்காது, ஒழுங்கில்லாமல் பிசிறு பிசிறாக முறுகியிருக்கும். பன்னின் உள்பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் காட்டுகிறார்களா என்றும் பாருங்கள். காட்டாத பன்னில் சாறு இறங்கி, பாதி சாப்பிடும்போதே கையோடு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றால் காத்திருங்கள். மூன்று நிமிடத்தில் வந்தால் அது முன்பே செய்து வைத்தது. பார்சல் வேண்டவே வேண்டாம்.

மயோனைஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் எளிதாகப் பெருகும் என்பதே காரணம். அந்த ஆணை தமிழ்நாட்டுக்கு. முள்ளோடை தாண்டினால் ஆட்சி மாறும், பிள்ளையின் வயிறு மாறாது. "முட்டை இல்லாத மயோனைஸா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அல்லது சாஸ் மட்டும் போடச் சொல்லுங்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் காலை வரை வண்டி விடமாட்டார்கள். காரை உள்தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். திரும்பும் வழியில் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் பிள்ளைகளுக்கு ஒரு கட்லெட் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். தொழிலாளர்களே நடத்துகிற கூட்டுறவுக் கடை அது. உள்ளூர்ப் பெரியவர்கள் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மகன் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். இந்தக் கோடையில் நாங்கள் போகும்போது பழைய ரூட் 66 சாலையில் காரில் அழைத்துப்போவதாகச் சொல்கிறான். அங்கே டைனர், பர்கர் கடை என்று தேடிப் போவார்களாமே, நம்மைப் போன்றவர்கள் போய்ச் சாப்பிட முடியுமா? எப்படித் தேடுவது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

ஐயா, இந்தக் கடிதம் எனக்கு வந்தது என் பாக்கியம். என் மகளும் ஓக்லஹோமா சிட்டியில்தான் இருக்கிறாள். போயிருந்தபோது மருமகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்பிள்ளை, இங்கே டிரைவருங்க எங்கே சாப்பிடுவாங்க?"

முதலில் டைனர் என்றால் என்ன என்று சொல்கிறேன். 1872-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாப்பாடு வைத்து, பத்திரிகை அலுவலகத்தில் இரவு வேலை பார்க்கிறவர்களுக்கு விற்றார். நம்மூர்க் கையேந்தி பவன்தான். அந்த வண்டி பெரிதாகி, உள்ளே உட்காரும்படி ஆகி, பிறகு ரயில் பெட்டி வடிவத்தில் தொழிற்சாலையிலேயே கட்டி ஊர் ஊராக இறக்கினார்கள். அதனால்தான் பழைய டைனர்கள் நீளமாக, ஒடுங்கலாக இருக்கும். சமையல்காரருக்கு எதிரே நீண்ட கவுன்ட்டர், அதை ஒட்டி உயரமான ஸ்டூல்கள். நீங்கள் ஸ்டூலில் உட்காருங்கள். மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு மட்டும் கிடைக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தால் சமைப்பதையும் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர் அடுத்த ஊரில் எங்கே சாப்பிடலாம் என்றும் சொல்லிவிடுவார்.

ரூட் 66 என்பது 1926-இல் போட்ட நெடுஞ்சாலை. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை 2,448 மைல், ஏறக்குறைய 3,940 கிலோமீட்டர். எட்டு மாநிலங்கள். மாநிலங்களை இணைக்கிற பெரிய இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்து ஒவ்வோர் ஊராக ஒதுக்கிக்கொண்டே போய், 1985-இல் அதிகாரப்பூர்வ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். சாலையின் பல துண்டுகள் இன்னும் இருக்கின்றன, அவற்றில் பழைய கடைகளும் இருக்கின்றன.

இப்போது தேடுகிற வழி. இன்டர்ஸ்டேட்டில் போகும்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பு நீல நிறப் பலகையில் சாப்பாட்டுக் கடைகளின் சின்னங்கள் இருக்கும். அது கட்டணம் கட்டி இடம் பிடிப்பது, பெரும்பாலும் சங்கிலிக் கடைகளே இருக்கும். அதை விட்டுவிட்டு, 'பிசினஸ்' என்று எழுதிய பச்சை நிறக் கேடயச் சின்னத்தைப் பாருங்கள். பழைய ஊருக்குள் புகுந்து மறுபடி இன்டர்ஸ்டேட்டில் வந்து சேர்கிற தடம் அது. அதைப் பிடித்து உள்ளே போனால் கடைத்தெருவும் நீதிமன்றக் கட்டடமும் வரும். அதைச் சுற்றித்தான் பழைய டைனர். காலை 6 மணிக்கே விவசாயிகளும் பிக்கப் வண்டிக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பல கடைகள் பிற்பகல் 2, 3 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு விடுமுறையும் உண்டு. மகனிடம் சொல்லி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் வீட்டிலிருந்து ஒரு பயணம் கட்டாயம் செய்ய வேண்டும் என்றால் எல் ரெனோ என்ற சின்ன ஊர். ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர். அங்கே வெங்காய பர்கர் பிரசித்தம். 1920-களிலும் அடுத்து வந்த பொருளாதார மந்த காலத்திலும் இறைச்சி விலை அதிகம், வெங்காயம் மலிவு. கொஞ்சம் இறைச்சியை வைத்து நிறைய வெங்காயம் சேர்த்து வயிறு நிறைக்க வழி கண்டுபிடித்தார்கள். ராபர்ட்ஸ் கிரில் என்ற கடை 1926 முதல் இருக்கிறது. சிட்ஸ், ஜானீஸ் என்று வேறு கடைகளும் உண்டு.

செய்கிற விதத்தைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். கொத்திய இறைச்சியை எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாகப் பிடித்துச் சூடான இரும்புக் கல்லில் போடுகிறார். அதன் மேல் ஒரு கை நிறைய வெங்காயம், கண்ணாடி போல மெல்லிசாகச் சீவியது. தோசைத் திருப்பியைவிடக் கனமான ஒன்றை வைத்து இரண்டு கையாலும் அழுத்துகிறார். வெங்காயம் இறைச்சிக்குள் புதைந்து போகிறது. திருப்பிப் போட்டதும் வெங்காயப் பக்கம் கல்லில் பட்டு, ஓரம் கறுத்து, இனிப்பு வாசனை கடை முழுக்க ஏறுகிறது. மேலே ஒரு சீஸ் துண்டு, அதன் மேல் பன்னின் இரண்டு பாதியையும் கவிழ்த்து வைத்து, எழுகிற ஆவியிலேயே பன்னை மெதுவாக்கிவிடுகிறார். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. பக்கத்து ஸ்டூல்காரர் யாரும் செல்போனை எடுக்கவில்லை. வந்ததும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். மே மாதம் முதல் சனிக்கிழமை அந்த ஊரில் இதற்கென்றே திருவிழா. 350 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரே பர்கரைச் செய்து ஊருக்கே பங்கிடுவார்கள்.

மேற்கே நியூ மெக்சிகோ வரை போனால் பச்சை மிளகாய் சீஸ்பர்கர் சாப்பிடாமல் வராதீர்கள். அந்த மாநிலத்து மிளகாயைத் தீயில் சுட்டுத் தோல் உரித்து நறுக்கி மேலே வைப்பார்கள். நம் நாக்குக்கு அந்தப் பயணத்தில் முதல் முறையாக வீட்டு நினைப்பு வரும்.

டிப்ஸ் விஷயத்தில் கை சுருக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற கடையில் பில்லில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். டிப்ஸ் வாங்குகிற பரிமாறுபவருக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான், 1991-இலிருந்து அதே தொகை. மீதியை நாம் வைக்கிற காசில்தான் அவர் பார்க்கிறார். காபியைக் கேட்காமலே திரும்பத் திரும்ப ஊற்றுவார், அதற்குத் தனிக் காசு கிடையாது.

அமெரிக்காவில் பர்கர் என்றாலே மாட்டிறைச்சியா? சைவக்காரர்கள் டைனரில் என்ன சாப்பிடுவது?
– வாசகி, நெய்வேலி

ஆமாம், பர்கர் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சிதான் வரும். வேண்டாதவர்கள் சிக்கன் சாண்ட்விச் கேட்கலாம். வட்ட பன்னில்தான் வரும், ஆனால் பெயர் சாண்ட்விச். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, பல டைனர்களில் காலைச் சிற்றுண்டி நாள் முழுக்க உண்டு. முட்டையும், துருவி முறுகவிட்ட உருளைக்கிழங்கும், டோஸ்ட்டும் போதும். முழுச் சைவத்துக்குச் சீஸ் வைத்துக் கல்லில் வாட்டிய ரொட்டி, பான்கேக், பழங்கள். ஒன்று கவனியுங்கள்: எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும், ஒரே எண்ணெயில்தான் பொரியும். சூப்பில் பெரும்பாலும் இறைச்சித் தண்ணீர் இருக்கும். மெக்டொனால்ட்ஸின் உருளைக்கிழங்கு வறுவலில்கூட அந்த நாட்டில் மாட்டிறைச்சி மணம் சேர்க்கிறார்கள், நம் நாட்டில் சேர்ப்பதில்லை. இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் தயிர் சாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பழங்களும் தயிரும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

என் அண்ணன் குடும்பம் பிரான்சில். பாரிஸிலிருந்து தெற்கே காரில் போகிறோம். சுற்றுலா ஹோட்டல்களில் கட்டுப்படியாகவில்லை. வழி சொல்லுங்கள்.
– வாசகி, லாஸ்பேட்டை

புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர், 'ரூத்தியே'. லாரி ஓட்டுநர்கள் சாப்பிடுகிற உணவகங்களுக்கு 1934 முதல் பிரான்சில் உள்ள அடையாளம் அது. சிவப்பும் நீலமுமாக வட்டப் பலகை. அந்தப் பலகை இருக்கிற இடத்தில் மத்தியானம் தட்டு தட்டாக வரும்: முதலில் சாலட் மாதிரி ஒன்று, பிறகு இறைச்சியோ மீனோ, சீஸ், கடைசியில் இனிப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. லாரிக்காரர்கள் நீளமான மேசையில் சேர்ந்து உட்காருவார்கள், குடும்பத்தோடு போனாலும் மரியாதையாகவே நடத்துவார்கள். சுங்கச்சாலையில் போனால் இந்தப் பலகை கண்ணில் படாது. பழைய தேசியச் சாலைகளைப் பிடியுங்கள். பாரிஸிலிருந்து தெற்குக் கடற்கரையின் மாந்தோன் வரை போன பழைய நாசியோனால் 7 தடம் உங்கள் வழிதான். பகல் 12-லிருந்து 1.30-க்குள் போய்விட வேண்டும், பிரான்சில் அதற்குமேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

நான்கு வழிச்சாலை வந்தபிறகு ஊருக்குள் நுழையாமலே நாகப்பட்டினம் வரை போகலாம் என்கிறார்கள். சாப்பாட்டுக்காக ஊருக்குள் போய் நேரத்தை வீணாக்க வேண்டுமா?
– வாசகர், காரைக்கால்

வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். பூண்டியாங்குப்பத்திலிருந்து சட்டநாதபுரம் வரை 57 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது வரம். பழைய சாலையில் டிராக்டருக்கும் பேருந்துக்கும் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சிதம்பரம் சாலையில் மெஸ் வைத்திருந்தவருக்கு, நின்று சாப்பிட்டுப் போன வெளியூர் வண்டிகள் ஒரே நாளில் நின்றுபோயின. ரூட் 66-இல் நடந்ததும் இதேதான். பக்கத்தில் பெரிய சாலை வந்தது, ஊர் தள்ளிப்போனது, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. தப்பித்தவை எவை என்று பார்த்தால் இரண்டு வகை. உள்ளூர்க்காரர் கைவிடாத கடைகள், வெளியூர்க்காரர் தேடி வந்த கடைகள்.

பைபாஸில் இறங்கி ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏற அரை மணி நேரம் கூடுதலாகும். பைபாஸ் ஓரத்தில் புதிதாக முளைத்திருக்கிற இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் அதே அரை மணிதான். நான் ஊருக்குள் போகிறவன். நீங்களும் வாரம் ஒரு முறையாவது போங்கள். இந்தக் கடைகள் மூடிப்போனால் திரும்ப யாரும் திறக்கப் போவதில்லை.

கூகுள் மேப்ஸில் நட்சத்திரம் பார்த்துப் போவது சரியா?
– கல்லூரி மாணவர், திண்டிவனம்

தம்பி, நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதே. விமர்சனங்களை 'புதியவை முதலில்' என்று மாற்றி வைத்துப் படி. போன வருஷம் நன்றாக இருந்த கடையில் சமையல்காரர் மாறியிருக்கலாம். விமர்சனம் எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தெரியும். அந்த ஊர் மெக்கானிக் கடை, பள்ளிக்கூடம், துணிக்கடை என்று எழுதியிருந்தால் உள்ளூர்க்காரர், அவர் சொல்வதை நம்பலாம். சாப்பிட்டவர்கள் போட்ட படங்களைப் பார், கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிடு. அப்புறம், தேடும்போது தமிழ் எழுத்தில் 'மெஸ்', 'சாப்பாடு', 'மீன் சாப்பாடு' என்று போட்டுப் பார். ஆங்கிலத்தில் தேடினால் வராத சின்னக் கடைகள் சில வரும்.

சந்தேகமாக இருந்தால் சுவரிலோ பில்லிலோ உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பார், 14 இலக்கம். அது இருந்தால் ருசி இருக்கும் என்று அர்த்தமில்லை. கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு பைக்கில் சுற்றுகிறோம். கடலூர் பக்கம் ஒரு வேளைச் சாப்பாடு?
– இரு நண்பர்கள், திருச்சி

வடலூர். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் இலை எடுத்துப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பண்ருட்டி வழியாகத் திரும்பினால், கோடையில் சாலையோரம் பலாச்சுளை கிடைக்கும். சொச்சக் காசுக்கு அது போதும்.

சிதம்பரத்தில் ஒரே ஒரு காலை வேளைதான் இருப்போம். என்ன சாப்பிடலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி ஊற்றி, தனியாவும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடி போட்டுக் கொதிக்கவிட்டது. நடராசர் கோயிலில் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்த்த சம்பா சாதத்துக்குத் துணையாக வருவது, ஊர்க் கடைகளில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வரும். எல்லாக் கடையிலும் கேட்காமல் வைக்கமாட்டார்கள், சாம்பார் வாளியோடு வருகிறவரிடம் "கொத்சு இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தனியா வாசனை மூக்கில் ஏறி, மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் காலையில் வைத்தது. கோயிலைச் சுற்றிய நான்கு தேர் வீதிகளிலும் கடைகள் உண்டு. பூக்கடைக்காரரிடம் அவர் எங்கே சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டுப் போங்கள், 9 மணிக்குள் போனால் தீராமல் இருக்கும்.